வட்ட வால் ஸ்பைடர்: ரோமில் விற்ற வண்டியா, அமெரிக்காவுக்குப் போன வண்டியா?

மாலைக்காட்சி கேட்கிறார்:

இத்தாலியில் கதை நடக்கும் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவள் நான். கார்களைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் கண்ணில் உறுத்திவிட்டால் அது என்னவென்று தெரியும் வரை மனம் அடங்காது.

இரண்டு நாட்களுக்கு முன் பார்த்த படத்தில் கதை நடப்பது 1966 கோடையில், ரோம் நகரில். படம் எடுக்கப்பட்டதோ பல ஆண்டுகள் கழித்து. கதாநாயகி ஒரு சிவப்பு ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் ஓட்டுகிறாள். மேற்கூரை மடித்து வைத்திருக்கிறது. வண்டியின் பின்பக்கம் படகின் முனையைப்போல உருண்டு ஒடுங்குகிறது. நம்பர் பிளேட் கறுப்பு. வெள்ளை எழுத்தில் ‘ரோமா’ என்று இருக்கிறது. முதல் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது.

பிறகு புத்தகத்தில் இருந்த ஒரு 1966 ஸ்பைடரின் படத்தோடு ஒப்பிட்டேன். மூன்று வேறுபாடுகள். புத்தகத்து வண்டியில் முகப்பு விளக்குகளின் மேல் கண்ணாடிபோல ஒரு மூடி இருக்கிறது. படத்து வண்டியில் இல்லை. படத்து வண்டியின் முன் மட்கார்டில், பக்கவாட்டில், ஆரஞ்சு நிறத்தில் நீள்சதுர விளக்கு ஒன்று இருக்கிறது. பின் மட்கார்டிலும் அதேபோல ஒன்று, சிவப்பு நிறத்தில். புத்தகத்து வண்டியில் அந்தச் சிவப்பு விளக்கே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே ஒரு காட்சியில் மட்டும் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறது. மற்ற எல்லாக் காட்சிகளிலும் இடப்பக்கம்தான். இரண்டு வண்டிகளைப் பயன்படுத்தினார்களா? இது எந்த நாட்டுக்காகச் செய்த வண்டி, எந்த ஆண்டு என்று சொல்ல முடியுமா?

---

நாலாவது கியர் பதில்:

எளிதான கேள்வி. அமெரிக்க வண்டி. முகப்பு விளக்குக்கு மூடி இல்லை என்பதே போதும். அமெரிக்க விதி அந்த மூடியை அனுமதிக்கவில்லை; ஆகவே அங்கே போன ஸ்பைடர்களில் அது கிடையாது. ‘தி கிராஜுவேட்’ படத்தில் வரும் சிவப்பு ஸ்பைடரும் இதே ரகம்தான். வலப்பக்க ஸ்டீயரிங் இருந்தால் பிரிட்டனுக்கான வண்டி. ஆக, ஒரு அமெரிக்க வண்டி, ஒரு பிரிட்டிஷ் வண்டி, இரண்டையும் மாற்றி மாற்றிப் படமெடுத்திருக்கிறார்கள்.

---

பின்விளக்கு பதில்:

நாலாவது கியர் சொன்ன முடிவில் பாதி சரி. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் நிற்காது. காரணம் தவறாக இருந்தால் அடுத்த படத்தில் முடிவும் தவறாகிவிடும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய கார்களின் விளக்குகளைச் செப்பனிடுவது என் தொழில். வண்டி முழுதாக என்னிடம் வருவதில்லை. விளக்கு மட்டும் பொட்டலமாக வரும். பல நேரம் உடன் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே அது எந்த நாட்டுச் சாலையில் ஓடிய வண்டி என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்தப் பழக்கம் படம் பார்க்கும்போதும் விடுவதில்லை. முகங்களுக்கு முன்னால் மட்கார்டுகள்தான் என் கண்ணில் படுகின்றன.

ஒரு காரின் உடல் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். தகடு அடிக்கும் அச்சை நாட்டுக்கு ஒன்றாகச் செய்துகொண்டிருக்க முடியாது. நாட்டுக்கு நாடு மாறுவது அந்தந்த நாட்டுச் சட்டம் கைவைத்த இடங்கள் மட்டுமே: விளக்கு, பம்பர், நம்பர் பிளேட், வேகமானி, ஸ்டீயரிங். வண்டியின் அழகை வடிவமைப்பாளர் தீர்மானித்தார். மூலை முடுக்குகளைச் சட்டம் தீர்மானித்தது. ஆகவே நான் வண்டியை ஓரங்களிலிருந்து படிக்கத் தொடங்குவேன்.

முதலில் அந்த மூடியைப் பார்ப்போம். 1968 முதல் அமெரிக்க விதி, முகப்பு விளக்குக்கு முன்னால் மூடி எதையும் ஏற்கவில்லை என்பது உண்மை. ஃபெராரியின் 365 ஜிடிபி/4, அதாவது டேடோனா, முதலில் ஒளி ஊடுருவும் மூக்குக்குப் பின்னால் நிலையான விளக்குகளோடு வந்து, 1971-இல் மேலெழும் விளக்குகளுக்கு மாறியதும் இந்த விதியால்தான். ஆனால் மூடி இல்லாத ஸ்பைடர் எல்லாமே அமெரிக்காவுக்குப் போனது என்று சொல்ல முடியாது. 1968-இல் ஆல்ஃபா ரோமியோ ‘1300 ஜூனியர்’ என்ற மலிவான ஸ்பைடரைக் கொண்டுவந்தது. அது ஐரோப்பியச் சந்தைக்கானது. செலவைக் குறைக்க அதில் அந்த மூடியை விட்டுவிட்டார்கள். ரோமிலும் மிலானிலும் மூடி இல்லாத ஸ்பைடர்கள் ஓடின, முறைப்படி, கடையில் வாங்கியபடியே. இதற்கு நேர்மாறும் உண்டு. அமெரிக்க வண்டிக்காரர்கள் பலர் பின்னாளில் ஆசைப்பட்டு மூடியை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். நாலைந்து திருகாணியில் வருவதும் போவதுமான ஒரு பொருளை வைத்து வண்டியின் பிறப்பிடத்தைச் சொல்லக் கூடாது.

இப்போது அந்தப் பின் மட்கார்டுச் சிவப்பு விளக்கு. மாலைக்காட்சி, நீங்கள் பார்த்ததிலேயே விலைமதிப்புள்ளது அதுதான். அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல், வண்டியின் நான்கு மூலைகளிலும் பக்கவாட்டில் விளக்கோ ஒளி திருப்பும் வில்லையோ இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. முன்னால் ஆரஞ்சு, பின்னால் சிவப்பு. 1970 ஜனவரி 1 முதல் விளக்கு, வில்லை இரண்டுமே கட்டாயம். இத்தாலிய வண்டிகளிலும் பக்கவாட்டில் ஒரு ஆரஞ்சு விளக்கைப் பார்க்கலாம். அது வேறு. அது இண்டிகேட்டரோடு சேர்ந்து கண்சிமிட்டும் சிறு விளக்கு; சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அது முன் மட்கார்டில் மட்டுமே இருக்கும். இத்தாலிச் சட்டம் பின் மட்கார்டில் எதையும் கேட்கவில்லை.

அதனால் நான் எப்போதும் முதலில் பார்ப்பது பின் மட்கார்டைத்தான். முன்னால் இருக்கும் ஆரஞ்சு இரண்டு நாட்டுக்கும் பொது; உருவத்தில் மட்டும் வேறுபாடு. ஓடும் வண்டியில், மங்கிய பிரதியில், அந்த உருவ வேறுபாடு ஏமாற்றிவிடும். பின்னால் இருக்கும் சிவப்பு ஏமாற்றாது.

இனி ஆண்டு. ஸ்பைடரின் உருண்ட வாலை இத்தாலியர் ‘ஒஸ்ஸோ தி செப்பியா’ என்பார்கள். கணவாய் மீனின் ஓடு என்று பொருள். ஜெனீவா கண்காட்சியில் 1966 மார்ச் மாதம் அறிமுகமான இந்த வால் 1969 வரை மட்டுமே. 1970-க்கான வண்டியில் பின்பக்கத்தை நேராக வெட்டிவிட்டார்கள். அந்த வால் 1969-க்குப் பிறகு இல்லை. பக்கவாட்டு விளக்கு 1968-க்கு முன் இல்லை. இரண்டும் ஒரே உடலில் இருந்தால் வண்டி அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது. அப்படியென்றால் உங்கள் படத்து வண்டி பெரும்பாலும் ‘1750 ஸ்பைடர் வெலோச்சே’. பெயர் 1750 என்றாலும் எஞ்சினின் கொள்ளளவு 1779 சிசி. அமெரிக்காவுக்குப் போனவற்றில் கார்புரெட்டருக்குப் பதிலாக ஸ்பிக்கா நிறுவனத்தின் இயந்திர எரிபொருள் பாய்ச்சி இருந்தது. அதைப் படத்தில் பார்க்க முடியாது. சக்கரத்தைப் பார்க்கலாம்: 1966-இன் வண்டிக்கு 15 அங்குலம், 1750-க்கு 14.

இன்னொன்று. ‘தி கிராஜுவேட்’ வெளியானது 1967 டிசம்பரில். பக்கவாட்டு விளக்கு விதி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே அந்தப் படம் திரைக்கு வந்துவிட்டது. அதில் ஓடுவது 1600 டூயெட்டோ, அதாவது 1966-இல் அறிமுகமான முதல் ஸ்பைடர், 1570 சிசி. அந்த வண்டியும் நீங்கள் பார்த்த வண்டியும் ஒரே ரகம் இல்லை.

வலப்பக்க ஸ்டீயரிங் பற்றி என் ஐயம் வேறு. அந்தக் காட்சியை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நம்பர் பிளேட் எழுத்து நேராக இருக்கிறதா? எதிரில் வரும் வண்டிகள் எந்தப் பக்கமாக வருகின்றன? கதாநாயகியின் கைக்கடிகாரம் எந்தக் கையில்? தலை வகிடு எந்தப் பக்கம்? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வேகமானி நெருக்கமாகத் தெரியும் காட்சி இருந்தால் அதையும்.

---

மாலைக்காட்சி:

பின்விளக்கு ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. படத்தை மறுபடி போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

அந்தக் காட்சியில் நம்பர் பிளேட் தெரியவில்லை. முன் பம்பரை ஒரு ஆள் மறைத்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் கைக்கடிகாரம்! படம் முழுவதும் அவள் இடக்கையில் கட்டியிருக்கிறாள், அந்தக் காட்சியில் மட்டும் வலக்கையில். வகிடும் மாறியிருக்கிறது. பின்னால் ஒரு பேருந்து சாலையின் இடப்பக்கமாகப் போகிறது. ரோமில் அது நடக்காதே. அதற்கு முந்தைய காட்சியில் அவள் வலமிருந்து இடமாக வண்டியை ஓட்டி வருகிறாள். திசை தொடர வேண்டும் என்று படத்தொகுப்பில் இந்தத் துண்டை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வேகமானி ஒரு இடத்தில் நன்றாகத் தெரிகிறது. முள்ளுக்குக் கீழே எம்.பி.எச். என்று மூன்று எழுத்து. மணிக்கு மைல். அவள் ‘நூறைத் தொட்டுவிட்டேன்’ என்று கத்துகிறாள். முள் 60-ஐத் தாண்டியிருக்கிறது. முதலில் பார்த்தபோது வசனம் தவறு என்று நினைத்தேன். 62 மைல் என்றால் 100 கிலோமீட்டர் தானே? வசனம் சரி, வண்டிதான் வேறு நாட்டுக்காரன்.

---

பின்விளக்கு:

அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் பேருந்து ஒன்று போதும். ஆளையும் கடிகாரத்தையும்கூட மாற்றி நடிக்க வைக்கலாம். ஒரு நகரத்தின் போக்குவரத்தை மாற்ற முடியாது.

ஆகவே ஒரே வண்டிதான். அமெரிக்காவுக்காக 1968-க்கும் 1969-க்கும் இடையில் செய்யப்பட்டு, பின்னாளில் ஏதோ ஒரு வழியாகத் தாயகம் திரும்பி, ரோமா நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு 1966 என்று நடித்த வண்டி. இப்படித் திரும்பி வந்த வண்டிகள் நிறைய. உப்புத் தூவாத, மழை குறைந்த மாநிலங்களில் நின்ற வண்டிகளில் துரு குறைவு. அதனால் இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் அவற்றைத் தேடி வாங்கித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். படக்குழுவினர் வாடகைக்கு எடுக்கும்போது கையில் கிடைப்பது இவைதான்.

முன் இண்டிகேட்டரைப் பற்றி முந்தைய பதிலில் எழுத விட்டுவிட்டேன். என் மேசைமேல் இப்போது இரண்டு விளக்கு வில்லைகள் இருக்கின்றன. இரண்டும் ஸ்பைடரின் முன்பக்கத்துக்கு உரியவை, ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். ஒன்று முழுக்க வெள்ளை. மற்றொன்றில் ஒரு பகுதி ஆரஞ்சு. வெள்ளை வில்லையை வெளிச்சத்தில் சாய்த்தால் உள்பக்க வரிகளுக்கு நடுவே ‘கரெல்லோ’ என்று தயாரிப்பாளர் பெயரும், பக்கத்தில் ஐ.ஜி.எம். என்ற மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் தெரியும். ஐ.ஜி.எம். என்பது இத்தாலிய மோட்டார் வாகனத் தலைமைக் கண்காணிப்பகத்தின் ஒப்புதல் முத்திரை. 1970-களின் நடுப்பகுதி வரை இத்தாலியில் விற்ற கார்களின் முன் இண்டிகேட்டர் வெள்ளையாகத்தான் இருந்தது. வெளிநாட்டுக்குப் போனவற்றில் ஆரஞ்சு. அமெரிக்காவுக்குப் போன வில்லைகளில் எஸ்.ஏ.இ. என்ற எழுத்துகள் இருக்கும். பின்னாளில் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான முறை வந்தபோது வட்டத்துக்குள் ‘ஈ’யும் ஒரு எண்ணும் வந்தன: 1 என்றால் ஜெர்மனி ஒப்புதல் தந்தது, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 11 பிரிட்டன்.

இந்த வெள்ளை வில்லைக்காக நான் ஒருமுறை வருந்தியிருக்கிறேன். தொழிலைத் தொடங்கிய புதிதில் ஒருவர் ஒரு ஜோடி வெள்ளை வில்லையை அனுப்பி, ‘நிறம் போய்விட்டது, மீட்டுத் தாருங்கள்’ என்று எழுதியிருந்தார். வெயிலில் ஆரஞ்சு வெளுத்துவிட்டது என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். சாயம் ஏற்றி அனுப்பினேன். அடுத்த ஆண்டு இன்னொரு ஜோடி வந்தபோதுதான் ஐ.ஜி.எம். எழுத்தைக் கூர்ந்து படித்தேன். நான் சாயமேற்றியது வெளுத்த வில்லை அல்ல, இத்தாலியில் பிறந்து இத்தாலியிலேயே ஓடிய ஒரு வண்டியின் அடையாளம். அவருக்கு எழுதினேன். வண்டியை அதற்குள் விற்றுவிட்டிருந்தார்.

அதனால் கேட்கிறேன், மாலைக்காட்சி: உங்கள் படத்தில் முன் இண்டிகேட்டர் என்ன நிறம்?

---

நாலாவது கியர்:

ஜூனியரை மறந்தே போனேன். திருத்தத்தை ஏற்கிறேன்.

ஆனால் வலப்பக்க ஸ்டீயரிங் பற்றி இன்னும் ஒரு கேள்வி. 1950-களின் தொடக்கத்து இத்தாலியக் கறுப்பு வெள்ளைப் படங்களில், திருப்பிப் போடாத காட்சியிலேயே, லான்சியா கார்களில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறதே? அவையெல்லாம் பிரிட்டனிலிருந்து வந்தவையா?

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். தினோ ரிஸியின் ‘இல் சொர்பாஸ்ஸோ’, 1962. அதில் வரும் திறந்த லான்சியா ஔரேலியா, ‘பி24 ஸ்பைடர் அமெரிக்கா’. பெயரிலேயே அமெரிக்கா இருக்கிறது. அதுவும் நாடு திரும்பிய அமெரிக்க வண்டி என்று கொள்ளலாமா?

---

பின்விளக்கு:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அந்த வண்டியை யாராவது தவறாகச் சொன்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

பி24 என்ற பெயரில் இரண்டு வண்டிகள் உண்டு. இரண்டும் கார் உடல்களை வடிவமைக்கும் இத்தாலிய நிறுவனமான பினின் ஃபரீனாவின் கைவண்ணம். 1954, 1955 ஆண்டுகளில் செய்த ‘ஸ்பைடர்’ 240 வண்டிகள் மட்டுமே. அமெரிக்க வாடிக்கையாளரை நினைத்துச் செய்தது என்பதால் ‘அமெரிக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு 1956 முதல் 1958 வரை செய்தது ‘கன்வெர்ட்டிபிள்’, 521 வண்டிகள். ‘இல் சொர்பாஸ்ஸோ’வில் ஓடுவது இந்த இரண்டாவது.

எப்படித் தெரியும்? கதவைப் பாருங்கள். ஸ்பைடருக்கு வெளியே கைப்பிடியே கிடையாது. உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடியும் கிடையாது. முன் கண்ணாடி இரு ஓரங்களிலும் வளைந்து பக்கவாட்டுக்கு வந்துவிடும். பம்பர் நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். கன்வெர்ட்டிபிளில் கைப்பிடி உண்டு, ஏற்றி இறக்கும் கண்ணாடி உண்டு, கதவின் முன்மூலையில் சிறு முக்கோணக் கண்ணாடி உண்டு, முன் கண்ணாடி வழக்கமான வடிவம், பம்பர் ஒரே துண்டு. படத்தில் விட்டோரியோ காஸ்மன் கதவைத் திறந்து ஏறும் காட்சிகளை ஒருமுறை பார்த்துவிட்டால் ஐயமே வராது.

அந்தக் கன்வெர்ட்டிபிளின் முழுப்பெயர் பி24எஸ். இந்த ‘எஸ்’ என்ற எழுத்தை ஸ்போர்ட் என்றும் ஸ்பெஷல் என்றும் பலர் எழுதுகிறார்கள். அது ‘சினிஸ்த்ரா’. இத்தாலிய மொழியில் இடப்பக்கம். ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதைத் தனியாக ஓர் எழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் லான்சியாவுக்கு அதுவரை வலப்பக்கம்தான் வழக்கம்.

இதுவே உங்கள் முதல் கேள்விக்கும் விடை. சாலையின் வலப்பக்கமாக வண்டி ஓடும் இத்தாலியில், லான்சியா 1950-களின் நடுப்பகுதி வரை சொந்த நாட்டுக்கே வலப்பக்க ஸ்டீயரிங் வைத்து விற்றது. போருக்குப் பிந்தைய ஆல்ஃபா 6சி 2500-உம் அப்படியே. மலைப்பாதையில் ஓட்டுபவருக்குப் பள்ளத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஔரேலியா பி20 கூப்பே 1954-இல் நான்காம் வரிசை வந்தபோதுதான் இடப்பக்கத்துக்கு மாறியது. ஆகவே 1952-இல் நடக்கும் கதையில் வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த ஔரேலியாவைப் பார்த்தால் அது இத்தாலியனுக்காகவே செய்த வண்டி என்று மகிழ்ச்சி அடையுங்கள். அதே ஸ்டீயரிங் 1970-இன் ஆல்ஃபாவில் இருந்தால் பிரிட்டனை நினைக்கலாம்.

---

தூரத்துச் சாலை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதே போன்ற குழப்பம் எனக்கும் உண்டு. 1970-களின் டூரினில் நடக்கும் ஒரு கதை. தெருவில் நிறுத்தியிருக்கும் கார்களில் ஒரு வெள்ளை ஃபியட் 124. பெட்டி வடிவம், வட்ட விளக்குகள், எல்லாம் சரி. ஆனால் கதவுக் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் குழிக்குள் பதிந்திருக்கிறது. முன் பம்பரின் நடுவில் ஒரு சிறு துளையும் இருக்கிறது. இது எந்த நாட்டுக்கான 124?

---

பின்விளக்கு:

அது ஃபியட்டே அல்ல. வாஸ் 2101, சோவியத் நாட்டில் தொல்யாத்தி நகரத்து ஆலையில் 1970 முதல் செய்தது. ஃபியட் 124-இன் உரிமத்தை வாங்கி, அந்த நாட்டுச் சாலைக்கும் குளிருக்கும் ஏற்றபடி நிறைய மாற்றிவிட்டார்கள். எஞ்சினே வேறு, பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்குக்குப் பதில் டிரம். பார்வைக்குத் தெரிவது நீங்கள் சொன்ன இரண்டுதான்: பதிந்த கைப்பிடி, பம்பர் துளை. குளிரில் பேட்டரி கைவிட்டால் கைக்கம்பியை அந்தத் துளை வழியாக நுழைத்து எஞ்சினைச் சுழற்ற வேண்டும். டூரின்காரனுக்கு அந்தத் துளை தேவைப்படவில்லை. படம் கிழக்கு ஐரோப்பாவில் எங்காவது எடுக்கப்பட்டிருக்கும்.

இத்தாலியக் கார்களுக்கு இப்படி வெளிநாட்டில் பிறந்த உடன்பிறப்புகள் ஏராளம். ஸ்பெயினின் சேட் 600-க்கு நான்கு கதவு வைத்து ‘800’ என்று ஒன்று உண்டு; இத்தாலியில் அப்படி ஒரு ஃபியட் 600 கிடையாது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர்-புக் 500-இல் உடல் ஃபியட்டுடையது, எஞ்சின் அவர்களுடைய சொந்த எஞ்சின். அமெரிக்காவுக்குப் போன முதல் ஃபியட் 500-களில் அங்கே அப்போது கட்டாயமாக இருந்த சீல்டு பீம் விளக்கு (கண்ணாடியும் பல்பும் ஒன்றாக மூடிய முழு விளக்கு) உடலுக்குள் அடங்காமல் தவளையின் கண்போலப் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், கேள்வியே வேண்டாம்.

ஃபியட் 124 ஸ்பைடருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் அதன் விற்பனை 1975-இல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் அமெரிக்காவுக்கு மட்டுமே போனது, அங்கே கேட்ட கனத்த பம்பர்களோடு. ஆக, 1978-இன் நேப்பிள்ஸில் ஒருவன் புத்தம்புதிய 124 ஸ்பைடர் வாங்கி ஓட்டுவதாகக் காட்டினால் கதையை நம்ப வேண்டாம்.

---

மாலைக்காட்சி:

முன் இண்டிகேட்டர் நிறம் கேட்டிருந்தீர்கள். அதைப் பார்க்கப் போய் வேறொன்று கிடைத்தது. உடனே எழுதத் தோன்றியது.

நிறம் காட்சிக்குக் காட்சி மாறுகிறது. சாலைக் காட்சிகளில் ஒரு பகுதி ஆரஞ்சு. ஆனால் கடைசியில், தேவாலய வாசலில் வண்டி நிற்கும் நீண்ட காட்சியில், முழு வெள்ளை. அதைப் பார்த்ததும் அதே காட்சியில் பின் மட்கார்டைத் தேடினேன். சிவப்பு விளக்கு இல்லை! வேறு வண்டியோ என்று நினைத்தேன். கேமரா மெல்ல வண்டியைச் சுற்றி வருகிறது. மாலை வெயில் பக்கவாட்டில் விழுகிறது. மட்கார்டு முழுவதும் பளபளக்கிறது, ஒரு சிறு நீள்சதுரம் மட்டும் பளபளக்கவில்லை. அதே சிவப்பு, ஆனால் மங்கல். ஓரத்தில் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விளக்கின் மேல் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறார்கள்.

---

பின்விளக்கு:

இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் வேலையை நிறுத்திவிட்டேன்.

முன் இண்டிகேட்டருக்கு வெள்ளை வில்லையைத் தேடிப் பிடித்து மாட்டி, பின் மட்கார்டு விளக்கை மறைத்திருக்கிறார்கள் என்றால், அந்தப் படக்குழுவில் இருந்த யாரோ ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஓடும் காட்சிகளில் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டிருக்கலாம். வண்டி நிற்கும் காட்சியில் மட்டும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளை வில்லை எல்லா இடத்திலும் கிடைக்காது. யாரிடமாவது இரவல் கேட்டிருக்க வேண்டும், திருப்பிக் கொடுத்திருக்கவும் வேண்டும்.

அந்தக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று எழுதுங்கள். படத்தின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பினால் போதும். அந்த நாடாவின் தூக்கிய மூலையை நான் பார்த்தாக வேண்டும்.